மூலைகளைத் தேடிய பேராசிரியர்

வடிவியல் என்றதும் நம் கண்முன் நிற்பது எது? கவராயம், பாகைமானி, மூலைமட்டங்கள் அடங்கிய பெட்டியும், தேர்வுக்கு முதல் நாள் இரவு மனப்பாடம் செய்யும் தேற்றங்களும்தாம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் இந்தப் பெட்டியைத் தம்பி தங்கையருக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணியிருந்தவர்களுள் நாங்களும் இருந்தோம். அந்த எண்ணத்தை மாற்றியது எங்கள் வகுப்பில் ஒரு நாள் நடந்த சிறு நிகழ்ச்சி. அதையும், அதன் வழியாக நாங்கள் அறிந்துகொண்ட ஓர் அறிஞரின் ஆராய்ச்சி வாழ்வையும் தோழியர் அனைவரும் அறிய வேண்டும் என்ற ஆவலால் இக்கட்டுரையை எழுத முன்வந்தோம்.

வகுப்பில் நடந்தது

அன்று எங்கள் கணித ஆசிரியை பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு புதிர் போட்டார். “ஒரு நிலத்தைச் சுற்றி எல்லைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். நிலத்தின் எல்லை எந்த இடத்திலும் உள்நோக்கிக் குழிந்திருக்கவில்லை. ஏதேனும் ஒரு கல்லின் அருகே நின்றுகொள்ளுங்கள். அங்கிருந்து மிகத் தொலைவில் இருக்கும் கல் எது? எல்லாக் கற்களையும் அளக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா?” என்று கேட்டார்.

நாங்கள் சிறிது நேரம் கூடிப் பேசி ஒரு வழி சொன்னோம். எல்லை ஓரமாகவே ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். தொடக்கத்தில் தூரம் கூடிக்கொண்டே போகும். எங்கே குறையத் தொடங்குகிறதோ அங்கே நின்றுவிடலாம். அதற்கு முந்திய கல்தான் விடை. இதுவே எங்கள் வழி. சதுரத்தில் சோதித்தோம். செவ்வகத்தில் சோதித்தோம். ஒழுங்கு அறுகோணத்திலும் எண்கோணத்திலும் சோதித்தோம். நான்கிலும் சரியாகவே வந்தது. வெற்றி பெற்றுவிட்டோம் என்று கைதட்டி மகிழ்ந்தோம்.

அப்போது கடைசி வரிசையில் இருந்த தோழி ஒருத்தி மெல்ல எழுந்து, “டீச்சர், என் படத்தில் அப்படி வரவில்லை” என்றாள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சிரித்தோம். “அடி, அளவுகோலை நேராக வைத்து அள” என்று சொன்னவர்களும் உண்டு. சென்ற தேர்வில் கணிதத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றவள் அவள். பதினொன்றாம் வகுப்பில் கணிதப் பிரிவு அவளுக்கு வேண்டாம் என்று வீட்டில் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார்கள். ஆகவே, தவறு அவளுடைய அளவில்தான் இருக்கும் என்று நாங்களாகவே தீர்மானித்துவிட்டோம்.

ஆசிரியை சிரிக்கவில்லை. அவளைக் கரும்பலகைக்கு அழைத்து அந்தப் படத்தை வரையச் சொன்னார். தோழியரே, நீங்களும் ஒரு வரைபடத் தாளை எடுத்து வரைந்து பாருங்கள். அ என்ற புள்ளி (0, 0). ஆ என்ற புள்ளி (10, 0). இ என்ற புள்ளி (6, 6). ஈ என்ற புள்ளி (0, 11). இவற்றை வரிசையாகச் சேர்த்தால் ஒரு நாற்கரம் கிடைக்கும். அதில் உட்குழிவு எங்கும் இல்லை. இப்போது அ என்ற மூலையிலிருந்து அளப்போம். ஆ வரை 10 அலகு. இ வரை 72 இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 8.5 அலகு. தூரம் குறைந்துவிட்டது. எங்கள் வழிப்படி இங்கே நின்று ‘விடை ஆ’ என்று சொல்ல வேண்டும். ஆனால் அடுத்த மூலையான ஈ 11 அலகு தொலைவில் இருக்கிறதே! இறங்கிய தூரம் மீண்டும் ஏறிவிட்டது.

வகுப்பு அமைதியாயிற்று. நான்கு படங்களில் சரியாக வந்த எங்கள் வழி ஐந்தாவது படத்தில் விழுந்துவிட்டது. “வெட்கப்பட வேண்டாம். பெரிய அறிஞர்களும் இப்படி நம்பி ஏமாந்திருக்கிறார்கள். அதைக் கண்டு சொல்வதையே தம் தொழிலின் ஒரு பகுதியாகக் கொண்ட ஒரு பேராசிரியர் இருந்தார்” என்று கூறி ஆசிரியை எங்களுக்கு அறிமுகப்படுத்திய பெயர்தான் காட்ஃப்ரீட் தூசான்.

கணினி வடிவியல் என்றால் என்ன?

தூசானைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவர் துறையைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். ஒரு வேலையை எந்த ஐயமும் இல்லாமல் படிப்படியாகச் செய்யச் சொல்லும் கட்டளைத் தொகுதியை அல்காரிதம் என்பர். தமிழில் படிமுறை எனலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்ற கணித மேதையின் பெயரிலிருந்தே இச்சொல் பிறந்தது. புள்ளி, கோடு, பலகோணம் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளுக்குக் கணினி விடை காணத்தக்க படிமுறைகளை ஆராயும் இயலே கணினி வடிவியல்.

நாம் ஒரு படத்தைப் பார்த்தவுடன் ‘இதுதான் ஓரத்துப் புள்ளி’ என்று கண்ணால் சொல்லிவிடுகிறோம். கணினிக்குக் கண் இல்லை. அதற்குத் தெரிவதெல்லாம் (6, 6), (0, 11) என்ற எண்கள் மட்டுமே. ஒரு பலகையில் ஆணிகள் பல அடித்து, அவற்றைச் சுற்றி ஒரு ரப்பர் வளையத்தை மாட்டினால், அது வெளி ஓரத்து ஆணிகளை மட்டும் தொட்டு நிற்கும். நமக்கு இது நொடிப்பொழுது வேலை. இதையே எண்களைக் கொண்டு விரைவாகச் செய்ய 1972 இல் அமெரிக்கக் கணித அறிஞர் ரொனால்ட் கிரஹாம் ஒரு படிமுறை வகுத்தார். 1978 இல் மைக்கேல் ஷேமோஸ் என்பவர் யேல் பல்கலைக்கழகத்தில் ‘கணினி வடிவியல்’ என்ற தலைப்பிலேயே தம் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். ஆக, யூக்ளிடின் காலத்து வடிவியலுக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல் என்றால், இந்தத் தங்கைக்கு வயது ஏறக்குறைய ஐம்பதுதான்.

வரைபடத்தில் நமக்கு மிக அருகிலுள்ள மருத்துவமனையைத் தேடுவதற்கும், இயந்திரக் கை எதிலும் மோதாமல் பொருளை எடுப்பதற்கும், கணினித் திரையில் உருவங்கள் அசைவதற்கும் இந்த இயல் துணை நிற்கிறது.

தூசானின் வாழ்க்கைப் பாதை

காட்ஃப்ரீட் தூசான் 1944 ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டில் பிறந்தவர். அமெரிக்காவிலுள்ள டல்சா பல்கலைக்கழகத்தில் 1968 இல் இளநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் கனடாவுக்குச் சென்று பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1972 இல் முனைவர் பட்டம் பெற்றார். வடிவங்களை இயந்திரம் இனங்காணச் செய்வது எப்படி என்பதே அக்காலத்தில் அவர் ஈடுபட்ட துறை. அதே ஆண்டில் மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கேயே பல ஆண்டுகள் பணியாற்றினார்.

ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியரின் வேலை வகுப்பெடுப்பது மட்டும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது பாதிதான். இதுவரை எவரும் விடை காணாத கேள்வியைத் தேர்ந்தெடுத்து, மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் அதனுடன் போராடுவது மறு பாதி. கிடைத்த விடையைக் கட்டுரையாக எழுதி ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். அதே துறையைச் சேர்ந்த மற்ற அறிஞர்கள் அதை வரிவரியாகச் சோதிப்பார்கள். நிரூபணத்தில் ஓட்டை இருந்தால் கட்டுரை திரும்பி வரும். நம் விடைத்தாள் திருத்தப்படுவதைப் போன்றதுதான். ஆனால் விடைக்குறிப்பு மட்டும் எவரிடமும் இராது!

சுழலும் காலிப்பர்

எங்கள் புதிருக்கே திரும்புவோம். ஒரு மூலைக்குப் பதிலாக, பலகோணத்தின் எல்லா மூலைகளிலும் மிகத் தொலைவிலுள்ள இரண்டைக் கேட்டால் என்ன செய்வது? ஒவ்வோர் இணையாக அளப்பதானால் 1000 மூலைகளுக்கு 4,99,500 அளவுகள் வேண்டும். இதைக் குறைக்க ஷேமோஸ் 1978 இல் ஓர் அழகிய வழி காட்டினார். தூசான் அதற்குச் ‘சுழலும் காலிப்பர்’ என்று பெயரிட்டு, அதே வழியால் வேறு பல கணக்குகளையும் தீர்க்கலாம் என்று 1983 இல் விளக்கினார்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கோலிக்குண்டின் விட்டத்தை வெர்னியர் காலிப்பரின் இரு தாடைகளுக்கு இடையே வைத்து அளக்கிறோம் அல்லவா? அதுபோல உட்குழிவு இல்லாத பலகோணத்தை இரண்டு இணைகோடுகளுக்கு இடையே இறுக்கி வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். இப்போது அந்த இணைகோடுகளைப் பலகோணத்தைத் தொட்டபடியே மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோடு ஏதேனும் ஒரு பக்கத்தின்மேல் படியும்போது, அது அடுத்த மூலைக்கு மாறிக்கொள்ளும். இப்படி அரைச் சுற்று சுற்றினால் போதும். எதிரெதிர்த் தாடைகளைத் தொட்ட மூலை இணைகளை மட்டும் அளந்து, அவற்றுள் பெரியதை எடுத்தால் அதுவே விடை. 1000 மூலைகளுக்கு இவ்வகை இணைகள் 1500 க்கு மேல் வருவதில்லை என்று நிரூபித்திருக்கிறார்கள். ஐந்து லட்சம் எங்கே, ஆயிரத்து ஐந்நூறு எங்கே! எங்கள் வழியும் வேலையைக் குறைத்தது உண்மைதான். ஆனால் அதற்கு நிரூபணம் இல்லை. இதற்கு நிரூபணம் உண்டு. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

பிழை காண்பதும் பழி துடைப்பதும்

குவி பலகோணத்தின் மிகத் தொலைவான இரு மூலைகளைக் காண 1980 இல் ஆய்விதழ் ஒன்றில் ஒரு படிமுறை அச்சாயிற்று. அது சில பலகோணங்களில் தவறான விடை தரும் என்று பினய் பட்டாச்சார்யாவும் தூசானும் 1982 இல் எடுத்துக்காட்டுடன் நிறுவினர். அதே ஆண்டில் டேவிட் ஏவிஸ் என்ற அறிஞரையும் சேர்த்துக்கொண்டு மூவரும் வேறொரு கட்டுரை எழுதினர். ஒரு மூலையிலிருந்து புறப்பட்டால் தூரம் ஒரே முறை ஏறி ஒரே முறை இறங்கும் என்று நம்பக் கூடாது, அது பலமுறை ஏறி இறங்கலாம் என்பதே அதன் சாரம். அதாவது, எங்கள் தோழி கரும்பலகையில் வரைந்த அதே உண்மை!

இதைக் கேட்டபோது எங்களுக்கு உடல் சிலிர்த்தது. நாங்கள் சிரித்த ஒன்றை ஆய்விதழில் அச்சிட்டிருக்கிறார்கள்.

பிறர் பிழையைச் சுட்டுவதால் பகை வளராதா என்று ஒருத்தி கேட்டாள். ஆசிரியை சொன்ன பதிலை அப்படியே தருகிறோம்: “முதற்கோணல் முற்றும் கோணல் என்பார்கள். ஒரு படிமுறையின் மேல் இன்னொன்றைக் கட்டுகிறோம். அடியில் இருப்பது கோணலாக இருந்தால் மேலே உள்ளவை எல்லாம் சரியும். எடுத்துக்காட்டைக் காட்டியவர் பகைவர் அல்லர், காவலர்.”

தூசான் பிழை கண்டதோடு நிற்கவில்லை. பிழையில்லாத ஒருவர்மேல் விழுந்த பழியையும் துடைத்திருக்கிறார். யூக்ளிடின் ‘மூலகங்கள்’ என்ற நூலின் முதற்பகுதியில் இரண்டாவதாக ஒரு கூற்று வருகிறது. தரப்பட்ட ஒரு கோட்டுத்துண்டுக்குச் சமமான நீளத்தை, தரப்பட்ட வேறொரு புள்ளியிலிருந்து அமைக்க வேண்டும். நமக்கு இது எளிது. கவராயத்தில் அளவெடுத்து அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவோம். ஆனால் யூக்ளிட் கருதிய கவராயம் தாளிலிருந்து எடுத்தவுடன் மடங்கிவிடும் கவராயம். அளவைத் தூக்கிச் செல்ல முடியாது. ஆகவே அவர் ஒரு சமபக்க முக்கோணத்தையும் வட்டங்களையும் துணைக்கொண்டு அதைச் சாதித்தார். இந்த அமைப்பு எல்லா நிலைகளுக்கும் பொருந்தவில்லை என்று பல நூற்றாண்டுகளாகக் குறை சொல்லிவந்தனர். 1993 இல் தூசான் பழைய உரைகளையும் மொழிபெயர்ப்புகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். குறை யூக்ளிடிடம் இல்லை, பின்னால் வந்த உரைகாரரும் மொழிபெயர்ப்பாளரும் மாற்றி எழுதியதில்தான் குறை என்று வாதிட்டார்.

அளந்தவள்மேல் பழி போட்டோம். பிழையோ எங்கள் வழியில் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய யூக்ளிடின் கதையும் எங்கள் கடைசி வரிசைக் கதையும் ஒன்றாகத் தோன்றியதில் வியப்பில்லை அன்றோ!

கணக்கும் தாளமும்

தூசானுக்கு முரசு வாசிப்பதில் விருப்பம் உண்டு. அந்த விருப்பமும் அவர் ஆராய்ச்சியில் வந்து கலந்தது. தென் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையில் வரும் கைத்தட்டு முறைகளுக்குள் எது எதற்கு உறவு என்பதை அவரும் அவர் நண்பர்களும் ஆராய்ந்தனர். உயிரியலார் உயிரினங்களுக்கு வரையும் பரிணாம மரத்தைப் போன்ற மரத்தை இவர்கள் தாளங்களுக்கு வரைந்தனர். 2005 இல் வெளியான அவருடைய கட்டுரை இன்னும் வியப்பானது. மீப்பெரு பொதுக் காரணி காண நாம் கற்கும் யூக்ளிடின் வகுத்தல் முறையே உலகின் பல நாட்டுத் தாளங்களையும் பிறப்பிக்கிறது என்று அதில் காட்டினார்.

எட்டு எண்ணிக்கைக்குள் மூன்று தட்டுகளை இயன்றவரை சீராகப் பரப்ப வேண்டும். தட்டை 1 என்றும், இடைவெளியை 0 என்றும் எழுதுவோம். முதலில் 1 1 1 0 0 0 0 0. ஒவ்வொரு தட்டோடும் ஓர் இடைவெளியைச் சேர்த்தால் 10 10 10 0 0. மீந்துள்ள இரண்டு இடைவெளிகளை முன்னிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 100 100 10. கையால் தட்டிப் பாருங்கள். மூன்று, மூன்று, இரண்டு என்று வரும். கியூபா நாட்டு இசையில் த்ரெசியோ என்று பெயர் பெற்ற தாளம் இது. அமெரிக்காவில் நியூட்ரான் கற்றைக் கருவிகளின் துடிப்புகளைச் சீராகப் பரப்ப பியார்க்லண்ட் என்பவர் வகுத்த முறையும், யூக்ளிடின் முறையும், இந்தத் தாளமும் அடிப்படையில் ஒன்றே என்பதைத் தூசான் கண்டார். ‘இசைத் தாளத்தின் வடிவியல்’ என்னும் அவருடைய நூல் 2013 இல் வெளிவந்தது.

கூடி ஆராய்தல்

அறிஞர் என்றால் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவர் என்று நினைக்கிறோம். தூசான் கூட்டத்தை விரும்பியவர். 1985 இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கணினி வடிவியலுக்கென நடந்த முதல் ஆண்டுக் கருத்தரங்கைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். 1989 இல் கனடா நாட்டுக் கருத்தரங்கைத் தொடங்கிவைத்தார். மெக்கில் பல்கலைக்கழகத்துக்குக் கரீபியக் கடலிலுள்ள பார்படோஸ் தீவில் ஓர் ஆய்வு நிலையம் உண்டு. அங்கே ஆண்டுதோறும் அறிஞர்களையும் மாணவர்களையும் கூட்டி, விடை தெரியாத கேள்விகளை நடுவில் வைத்து எல்லாரும் சேர்ந்து சிந்திக்கும் பட்டறைகளை நடத்தினார்.

இத்துறையில் பெண்களும் சிறந்து விளங்குகிறார்கள் என்பதைத் தோழியருக்குச் சொல்லாமல் விட முடியுமா? மூட்டுகளால் இணைந்த இயந்திரக் கைகளின் இயக்கத்தைப் பற்றி 1984 இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையின் ஆசிரியர் மூவருள் இருவர் பெண்கள். டெபோரா ஜோசஃப், சூ வைட்சைட்ஸ் என்பன அவர்கள் பெயர்கள். சூ வைட்சைட்ஸ் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தவர்.

தூசான் 2011 இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அபுதாபி வளாகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். 2019 ஜூலையில், ஒரு பன்னாட்டு மாநாட்டில் கட்டுரை வாசிப்பதற்காக ஜப்பானின் டோக்கியோ நகருக்குச் சென்றிருந்தபோது காலமானார். 75 வயதை எட்டும் காலத்திலும் சொல்வதற்கு அவரிடம் புதிதாக ஒன்று இருந்தது.

நாங்கள் கற்ற பாடம்

இந்த வாழ்விலிருந்து நாங்கள் கற்றது ஒன்றே. நான்கு படங்களில் சரியாக வந்தது ஐந்தாவதிலும் வரும் என்பதற்கு உறுதி இல்லை. நூறு எடுத்துக்காட்டுகள் சேர்ந்தாலும் ஒரு நிரூபணம் ஆகாது. ஆனால் ஒரே ஓர் எதிர் எடுத்துக்காட்டு பொய்யை வீழ்த்திவிடும். அந்த ஒன்று முதல் வரிசையிலிருந்துதான் வர வேண்டும் என்று விதி இல்லை. ஆராய்ச்சிக்கு விலையுயர்ந்த கருவிகளைவிட முதலில் வேண்டியது, ‘என் படத்தில் அப்படி வரவில்லை’ என்று எழுந்து சொல்லும் துணிவு. அதைக் கேட்பவர்களுக்கு வேண்டியது, சிரிக்காமல் அந்தப் படத்தைப் பார்க்கும் பண்பு. முதலாவது எங்கள் தோழியிடம் இருந்தது. இரண்டாவது எங்களிடம் இல்லை.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். “நானும் முதலில் என் அளவுதான் தப்பு என்று நினைத்தேன். மூன்று தடவை அளந்தேன்” என்றாள். நாங்கள் ஒரு தடவைகூட அளக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவள் வரைந்த நாற்கரம் எங்கள் வகுப்பு அறிவிப்புப் பலகையில் இன்றும் இருக்கிறது. ஆசிரியை அவள் வீட்டாரிடம் பேசியிருக்கிறார். அவள் எந்தப் பிரிவை எடுப்பாள் என்பது இதை எழுதும்வரை முடிவாகவில்லை. எந்தப் பிரிவை எடுத்தாலும் அவள் எழுந்து பேசும்போது நாங்கள் அளவுகோலை எடுப்போமே அன்றிச் சிரிக்க மாட்டோம்.

செய்து பாருங்கள்

1. எட்டு எண்ணிக்கைக்குள் ஐந்து தட்டுகளைச் சீராகப் பரப்புக. (விடை: 101 101 10)

2. இருபது மூலைகள் கொண்ட குவி பலகோணத்தில் எல்லா மூலை இணைகளையும் அளந்தால் எத்தனை அளவுகள்? சுழலும் காலிப்பர் முறையில் மிகுதியாக எத்தனை? (விடை: 190, 30)

3. ஒரு மூலையிலிருந்து தூரம் மூன்று முறை ஏறி இறங்கும் குவி பலகோணம் ஒன்றை வரைக. (விடையை வரைந்தவர்கள் எங்கள் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். அறிவிப்புப் பலகையில் இடம் இருக்கிறது.)

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் சார்பில், வகுப்பு மாணவி ஒருத்தி